கொங்கு நாட்டிலிருந்து கொச்சிக் கப்பல் துறைக்கு: வாடகைக் காரா, சொந்தக் காரா, ரயிலா, முந்தைய இரவே ஹோட்டலா?

உல்லாசக் கப்பல் டிக்கெட் எடுக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, கொச்சிக்கு எப்படிப் போய்ச் சேர்வது என்று முடிவெடுக்கத்தான் பத்து நாளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று பெருந்துறையைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார் அண்மையில் என்னிடம் சொன்னார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் என்று எந்த ஊரிலிருந்து கேட்டாலும் கேள்வி ஏறக்குறைய இதுதான். வீட்டு வாசலிலிருந்து துறைமுகம் வரை ஒரே வாடகைக் காரில் போவதா, சொந்தக் காரை எடுத்துப்போய் அங்கே நிறுத்துவதா, ரயிலில் இறங்கி டாக்சி பிடிப்பதா, அல்லது முதல் நாளே எர்ணாகுளம் போய் ஹோட்டலில் தங்கி மறுநாள் காலை அங்கிருந்து ஒரு காரை ஏற்பாடு செய்துகொள்வதா? என் பெற்றோரையும் பெரியவர்கள் சிலரையும் அழைத்துக்கொண்டு இந்த வழியில் நான்கு முறை போய் வந்திருக்கிறேன். அந்த அனுபவத்தையும் வழியைப் பற்றி எனக்குத் தெரிந்ததையும் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம்மில் பெரும்பாலோர் போவதையும் வருவதையும் ஒரே ஏற்பாடாக நினைத்து, "போக வர எவ்வளவு" என்று ஒரே கேள்வியாகக் கேட்கிறோம். இவை இரண்டும் வெவ்வேறு முடிவுகள். போகும்போது தாமதித்தால் கப்பலே போய்விடும், கட்டிய பணமும் பெரும்பாலும் திரும்பாது. வரும்போது தாமதித்தால் வீட்டுக்கு இரவுச் சாப்பாட்டு நேரத்தில் போய்ச் சேர்வோம், அவ்வளவுதான். ஆகவே போகும் வழிக்கு நிச்சயத்தையும் வரும் வழிக்குச் சிக்கனத்தையும் அளவுகோலாக வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதல் அளவுகோல் கேட் மூடும் நேரம். டிக்கெட்டில் கப்பல் புறப்படும் நேரம் ஒன்றும், பயணிகளை உள்ளே விடுவது முடியும் நேரம் ஒன்றும் தனித்தனியாக இருக்கும். நாம் கணக்குப் போட வேண்டியது இரண்டாவதை வைத்துத்தான். கப்பல் மாலை 6 மணிக்குப் புறப்பட்டு, கேட் 4 மணிக்கு மூடப்படுவதாக வைத்துக்கொள்வோம். பெட்டிகளை எக்ஸ்ரேயில் விட்டு, அடையாள அட்டையைக் காட்டி, அறைச் சாவி வாங்குவதற்கு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும் என்பதால் மதியம் 1 மணிக்குத் துறைமுக வாசலில் இருப்பது நல்லது. அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வர வேண்டும்.

இரண்டாவது, உடன் வருபவர்களில் மிகவும் வயதானவர் எத்தனை முறை ஏறி இறங்க வேண்டியிருக்கிறது என்பது. மூன்றாவது, பெட்டிகள். நான்காவது, எல்லாம் சேர்ந்த மொத்தச் செலவு. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று சொல்லும் தொகை மொத்தச் செலவு ஆகாது. ஐந்தாவது கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை: ஏற்பாடு செய்த வண்டி வராமல் போனால் அடுத்து என்ன செய்வது? நள்ளிரவு தாண்டி ஊரில் நிற்கும்போது இந்தக் கேள்விக்குப் பதில் இருக்காது. எர்ணாகுளம் நகரத்துக்குள் காலை 9 மணிக்கு நிற்கும்போது பத்துப் பதில்கள் இருக்கும்.

## எங்கே போகிறோம் என்பது

கப்பல் பயணிகளுக்கான சாகரிகா முனையம் வில்லிங்டன் தீவில், எர்ணாகுளம் வார்ஃப் பக்கத்தில் இருக்கிறது. 2021 பிப்ரவரி 14 அன்று திறக்கப்பட்டது. ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளரின் மேற்பார்வையில் துறைமுகத்தை ஆழப்படுத்தியபோது தோண்டியெடுத்த மண்ணைக் கொட்டி உருவாக்கிய தீவு இது. கடற்படையின் தெற்குப் பிரிவுத் தலைமையகமும் இங்கேதான் இருக்கிறது. அதனால் நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்தி வழி கேட்பதோ படம் எடுப்பதோ வேண்டாம்.

கைபேசி வரைபடத்தில் வெறுமனே கொச்சித் துறைமுகம் என்று தட்டினால் வேறு ஏதாவது கேட்டுக்குக் கொண்டுபோய் விடலாம். சர்வதேச முனையம் என்று தேடினால் 2011இல் திறக்கப்பட்ட வல்லார்பாடம் சரக்குப் பெட்டக முனையம் வரவும் வாய்ப்புண்டு. அது முற்றிலும் வேறொரு தீவு, அங்கிருந்து நகரத்தைச் சுற்றிக்கொண்டுதான் வில்லிங்டனுக்கு வர முடியும். டிக்கெட்டில் உள்ள முனையப் பெயரையும் கேட்டையும் டிரைவருக்கு முதல் நாளே அனுப்பிவிடுங்கள். அவர் வாயால் அதைத் திருப்பிச் சொல்லக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வழியைப் பொறுத்தவரை நமக்கு வசதி உண்டு. சேலம், பவானி, பெருந்துறை, அவிநாசி, கோவை என்று நம் ஊர்களைத் தொட்டுச் செல்லும் 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைதான் வாளையார், பாலக்காடு, வடக்கஞ்சேரி, திருச்சூர்ப் புறவழி, சாலக்குடி, அங்கமாலி, ஆலுவா வழியாக எடப்பள்ளி வரை போகிறது. அதன்பின் வைற்றிலா, குண்டன்னூர் தாண்டித் தீவுக்குத் திரும்ப வேண்டும். கோவையிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர். பொள்ளாச்சிக்காரர்கள் கோவைக்கு வரத் தேவையில்லை, கோவிந்தாபுரம், கொல்லங்கோடு, நென்மாறை வழியாக வடக்கஞ்சேரியில் நெடுஞ்சாலையைப் பிடித்துக்கொள்ளலாம்.

## வீட்டு வாசலிலிருந்து துறைமுகம் வரை வாடகைக் கார்

ஏறினால் இறங்கவேண்டியதில்லை என்பதுதான் இதன் பெரிய நன்மை. முழங்கால் வலியுள்ள பெரியவர்கள், கைக்குழந்தை, நான்கைந்து பெட்டிகள் என்று இருந்தால் மனம் முதலில் இதைத்தான் நாடும். நம் ஊர் ஸ்டாண்டில் பழக்கமான டிரைவர் என்றால் இன்னும் நிம்மதி. ஆனால் பழக்கம் என்பதற்காக எதையும் கேட்காமல் விட்டுவிடுவதால்தான் வாசலில் சிக்கல் வருகிறது.

எனக்கு நேர்ந்ததையே சொல்கிறேன். இரண்டாவது முறை போனபோது ஒரு டிராவல்ஸில் நான்கு பேருக்கு ஒரு செடான் கார் சொல்லியிருந்தேன். அதிகாலை 5 மணிக்கு வண்டி வந்தது. டிக்கியைத் திறந்தால் பாதி இடத்தை கேஸ் சிலிண்டர் அடைத்துக்கொண்டிருந்தது. ஒரு பெரிய பெட்டியும் ஒரு தோள்பையும் மட்டும் உள்ளே போயின. மிச்சம் இரண்டு பெட்டிகள். "ஏனுங்க, பெட்டி இத்தனைன்னு நேத்தே சொல்லியிருக்கோணுமுங்க" என்றார் டிரைவர், வருத்தத்தோடுதான். அவர் சொன்னதில் தவறில்லை, நான் சொல்லவில்லை. மேலே கேரியரும் இல்லை. என் அம்மா தம் காலடியில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு, காலை மடக்கியபடியே திருச்சூர் வரை வந்தார். அங்கே சாப்பிட இறங்கியபோது அவரால் சட்டென்று நிமிர முடியவில்லை. அந்தக் காட்சி இன்றும் எனக்கு மனத்தை உறுத்துகிறது. டிக்கியில் சிலிண்டர் இருக்கிறதா, மேலே கேரியர் உண்டா என்ற இரண்டு கேள்விகளை அதன்பின் நான் கேட்காமல் விட்டதில்லை.

இனிக் கணக்கு. கிலோமீட்டருக்கு 14 ரூபாய், டிரைவர் பேட்டா நாளுக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், உங்கள் ஊர் விலையை நீங்கள் போட்டுக்கொள்ளலாம். ஒரு வழிக்கு மட்டும் வாங்கும் டிராப் டாக்சி என்றால் 200 கிலோமீட்டருக்கு 2,800, பேட்டா 400, ஆக 3,200 ரூபாய். ஊர் ஸ்டாண்டு வண்டி என்றால் காலியாகத் திரும்பி வரும் தூரத்தையும் சேர்த்து 400 கிலோமீட்டருக்கு 5,600, பேட்டாவோடு 6,000 ரூபாய். கப்பலில் மூன்று இரவு, அதே வண்டி கொச்சியிலேயே காத்திருந்து அழைத்து வரட்டும் என்று சொன்னால் என்ன ஆகும்? நாளுக்குக் குறைந்தபட்சம் 250 கிலோமீட்டர் என்ற கணக்கு வரும். நான்கு நாளுக்கு 1,000 கிலோமீட்டர், 14,000 ரூபாய், நான்கு நாள் பேட்டா 1,600, மொத்தம் 15,600. போக ஒரு முறையும் வர ஒரு முறையும் ஊர் ஸ்டாண்டு வண்டியையே தனித்தனியாக அமர்த்தினாலும் 12,000தான் ஆகிறது. டிராப் டாக்சி இரண்டு முறை என்றால் 6,400. ஆகவே வண்டியைக் காத்திருக்க வைப்பது எந்தக் கணக்கிலும் கட்டுபடியாகாது.

இதற்கு மேலும் டோல், கேரளத்துக்குள் போவதற்கான பர்மிட் அல்லது வரி, இரவு பேட்டா என்று வரும். பேசிய தொகையில் இவை அடக்கமா, தனியா என்பதைக் கேட்டு வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே வாங்கிக்கொள்ளுங்கள். நம்பர் பலகை மஞ்சளா என்றும் பாருங்கள். வெள்ளைப் பலகை வண்டியைக் குறைந்த வாடகைக்குத் தருவதாகச் சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அது சட்டப்படி வாடகைக்கு ஓட்டக்கூடாத வண்டி. வழியில் மறித்தால் அங்கேயே நிற்க வேண்டும், விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் இடமுண்டு.

பணத்தைவிடப் பெரிய செலவு இன்னொன்று உண்டு. கப்பல்கள் கொச்சியில் அதிகம் வருவது மழைக்காலம் ஓய்ந்த பிறகு, ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை. கார்த்திகை, மார்கழியில் நம் பகுதி வண்டிகள் எல்லாம் சபரிமலைக்கு ஓடும், தை, மாசி வளர்பிறை முகூர்த்தங்களில் கல்யாண வாடகைக்கு ஓடும். முழு நாள் கல்யாண வாடகை கிடைக்கும்போது உங்கள் ஒரு வழி டிராப்பை வேறொருவருக்குக் கைமாற்றிவிடுவது சாதாரணமாக நடப்பது. சபரிமலை போய் முந்தைய இரவுதான் திரும்பிய டிரைவர் அதிகாலை 4 மணிக்கு உங்கள் வாசலில் வந்து நிற்கக்கூடும். அவர் எப்போது தூங்கினார் என்று கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். நம் குடும்பத்தின் உயிரும் அவர் உயிரும் சேர்ந்தே அந்த வண்டியில் போகின்றன.

சாலையையும் சொல்ல வேண்டும். குதிரான் மலையில் 2021 ஜூலையில் முதல் சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பிறகு அந்த ஏற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் மணிக்கணக்கில் நிற்கும் துன்பம் நீங்கியது. அதே 2021 ஜனவரியில் வைற்றிலா, குண்டன்னூர் மேம்பாலங்களும் திறக்கப்பட்டன. ஆனால் நெருக்கடி வேறு இடத்துக்கு நகர்ந்துவிட்டது. ஆம்பல்லூர், முரிங்ஙூர் பகுதிகளில் அடிப்பாதை வேலை நடந்ததால் ஏற்பட்ட நெரிசல் காரணமாக, 2025 ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றம் பாலியேக்கரை சுங்கச்சாவடியில் கட்டணம் வசூலிப்பதையே நிறுத்திவைத்தது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை, அக்டோபரில்தான் மீண்டும் வசூல் தொடங்கியது. சாதாரண நாளில் கோவையிலிருந்து நான்கரை, ஐந்து மணி நேரம் ஆகும் இந்த வழிக்கு, கப்பல் ஏறும் நாளில் ஏழு மணி நேரம் ஒதுக்குவதுதான் முறை என்று நான் சொல்வது இதனால்தான். மதியம் 1 மணிக்கு அங்கே இருக்க வேண்டுமென்றால் கோவைக்காரர் காலை 6 மணிக்கும், ஈரோட்டுக்காரர் 4 மணிக்கும், சேலத்துக்காரர் அதற்கும் முன்பும் கிளம்ப வேண்டும்.

கோவை, பொள்ளாச்சி, பல்லடம் வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு, கேட் மாலையில் மூடும் கப்பலாக இருந்தால், இது நல்ல தேர்வு. ஈரோட்டுக்குக் கிழக்கே இருப்பவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

## சொந்தக் கார்

பெட்டிக்கு இடம் எவ்வளவு என்பது தெரியும், பேட்டா இல்லை, வழியில் நினைத்த இடத்தில் நிறுத்தலாம். வீட்டில் இரண்டு பேருக்கு நன்றாகக் கார் ஓட்டத் தெரிந்து, பெரியவர்கள் உடன் வராத இளம் குடும்பமாக இருந்தால் சிக்கனமும் கூட.

வண்டியை மூன்று நான்கு நாள் எங்கே விடுவது என்பதுதான் கேள்வி. முனையத்தில் பல நாள் நிறுத்த இடம் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள், கப்பல் நிறுவனத்திடம் முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். எர்ணாகுளத்தில் முதல் நாள் தங்கும் ஹோட்டலிலேயே, திரும்பிய அன்றும் ஓர் இரவு தங்குவதாகச் சொல்லி வண்டியை விட்டுவைக்க அனுமதி கேட்பது ஒரு வழி. அப்படிச் செய்தால் இரண்டு இரவு அறை வாடகை சேர்ந்துவிடும், சொந்தக் கார் மலிவு என்ற கணக்கு அங்கேயே உடைந்துவிடும். ஹோட்டலிலிருந்து துறைமுகத்துக்கு எப்படியும் இன்னொரு வண்டி வேண்டும்.

## ரயிலில் போய் அங்கிருந்து டாக்சி

சேலம், ஈரோடு, திருப்பூர், கோவை வழியாகக் கேரளம் போகும் ரயில்கள் பல. சாலையில் எவ்வளவு நெரிசல் இருந்தாலும் ரயிலை அது தொடாது. கேரளத்தில் ஹர்த்தால், வேலைநிறுத்தம் என்று அறிவித்தாலும் ரயில் பெரும்பாலும் ஓடிவிடும், டாக்சிகள்தான் நின்றுவிடும். ஏழு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் ஹர்த்தால் கூடாது என்று 2019இல் கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருப்பதால், கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே கேரளச் செய்திகளைக் கவனித்தால் போதும். ஆனால் எல்லாரும் அந்த உத்தரவை மதித்ததில்லை என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன் இது 120 நாளாக இருந்தது, பழைய நினைப்பில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சபரிமலைக் காலத்தில் முதல் நாளே இடம் தீர்ந்துவிடும் ரயில்கள் இருக்கின்றன. ஆன்லைனில் எடுத்த டிக்கெட் முழுவதும் காத்திருப்புப் பட்டியலிலேயே நின்றுவிட்டால், சார்ட் போட்டதும் தானாக ரத்தாகிவிடும். அந்த நேரத்தில் காருக்கு அலைவதைப் போன்ற துன்பம் வேறில்லை.

இரண்டு நுணுக்கங்கள். சில ரயில்கள் கோவை ஜங்ஷனுக்கு வராமல் இருகூரிலிருந்து போத்தனூர் வழியாகப் போய்விடும், டிக்கெட்டில் ஏறும் நிலையத்தைப் பாருங்கள். எர்ணாகுளத்திலும் இரண்டு நிலையங்கள் உண்டு, தெற்கே ஜங்ஷன், வடக்கே டவுன். கோட்டயம் வழியாகத் திருவனந்தபுரம் போகும் ரயில்கள் சில டவுனில் மட்டும் நிற்கும். தீவுக்கு ஜங்ஷன்தான் அருகில், தேவரை வழியாக வெண்டுருத்திப் பாலத்தைக் கடந்தால் பத்து கிலோமீட்டருக்குள் முனையம் வந்துவிடும்.

பெட்டியை நாமே ஏற்றி இறக்க வேண்டும் என்பது இதன் மறைவான விலை. இரண்டு நிமிடம் நிற்கும் நிலையத்தில் நான்கு பெட்டிகளையும் எழுபது வயது அம்மாவையும் இறக்குவது எப்படி இருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். வாளையார்க் காட்டில் யானைகள் தண்டவாளத்தைக் கடக்கும் இடங்களில் ரயில்கள் வேகம் குறைத்துத்தான் போகும், அது அவசியம், அதில் குறைசொல்ல எதுவுமில்லை. ஆனால் ரயிலும் தாமதிக்கும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். கப்பல் ஏறும் அதே நாளில் ரயிலில் போவதானால், முந்தைய நாள் இரவு கிளம்பி விடியற்காலையில் சேரும் ரயிலையே எடுங்கள். அது மூன்று மணி நேரம் தாமதித்தாலும் உங்களிடம் அரை நாள் மிச்சம் இருக்கும்.

பஸ்ஸைப் பற்றி நீட்டி எழுதவில்லை. தோள்பை மட்டும் உள்ள இளைஞர்களுக்கு அது போதும், குடும்பத்துக்கு வேண்டாம்.

## முதல் நாளே எர்ணாகுளம், காலையில் ஹோட்டலிலிருந்து துறைமுகம்

பெரியவர்கள் உடன் வரும் குடும்பத்துக்கு நான் சொல்வது இதைத்தான். ஓர் இரவு அறை வாடகை கூடுதலாகும், உண்மை. அந்தப் பணத்துக்கு நாம் வாங்குவது அறையை மட்டுமல்ல. 200 கிலோமீட்டர் தொலைவில் இருந்த ஆபத்தை பத்து கிலோமீட்டருக்குச் சுருக்கிவிடுகிறோம். முதல் நாள் மதியம் ரயிலில் போனாலும், டிராப் டாக்சியில் போனாலும், எவ்வளவு தாமதித்தாலும் இரவுக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். காலையில் நிதானமாக எழுந்து, இட்லி சாப்பிட்டு, மருந்து போட்டுக்கொண்டு கிளம்பலாம்.

ஹோட்டலைத் தேர்வதில்தான் பலர் தவறுகிறார்கள். நெடும்பாசேரி விமான நிலையப் பக்கமும் எடப்பள்ளிப் பக்கமும் அறை சற்று மலிவாகக் கிடைக்கிறது என்று எடுத்துவிடுவார்கள். காலை அலுவலக நேரத்தில் அங்கிருந்து வைற்றிலாவைத் தாண்டி வருவதற்குள், மிச்சம் பிடித்த பணம் டாக்சியிலும் பதற்றத்திலும் போய்விடும். ஃபோர்ட் கொச்சி பார்க்க அழகான இடம், தங்கலாம், அங்கிருந்து தோப்பும்படி வழியாகத் தீவுக்கு வரலாம், ஆனால் குறுகிய தெருக்களில் பெரிய வண்டி நுழைவது கடினம். எம்.ஜி. ரோடு, தெற்கு ரயில் நிலையம், தேவரை ஆகிய பகுதிகளே இந்த வேலைக்குப் பொருத்தமானவை. வசதி உள்ளவர்களுக்குத் தீவிலேயே ஹோட்டல்கள் இருக்கின்றன.

ஹோட்டலிலிருந்து துறைமுகத்துக்குப் போகும் அந்தச் சிறு தூரத்துக்கும் தேர்வுகள் உண்டு. இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடுவதால் காலையில் லாபியில் நின்று கையைப் பிசைய வேண்டியதாகிறது.

| | ஹோட்டல் ஏற்பாடு செய்யும் கார் | செயலியில் அழைக்கும் டாக்சி | நாமே முன்பதிவு செய்த தனிக் கார் |
|---|---|---|---|
| கட்டணம் | முன்பே தெரியும், சற்றுக் கூடுதல் | பெரும்பாலும் குறைவு, நெரிசல் நேரத்தில் ஏறும் | முன்பே பேசி முடித்த தொகை |
| பெட்டிக்கு இடம் | கேட்டால் பெரிய வண்டி கிடைக்கும் | எந்த வண்டி வரும் என்று சொல்ல முடியாது | கேட்ட வண்டிதான் வர வேண்டும் |
| வண்டி வராவிட்டால் | ஹோட்டல் வேறொன்று பிடித்துத் தரும் | மறுபடி மறுபடி முயல வேண்டும் | நாமே அலைய வேண்டும் |
| யாருக்கு ஏற்றது | பெரியவர்கள், பெட்டிகள் அதிகம் | இருவர், இரண்டு சிறு பெட்டிகள் | ஆறேழு பேர் சேர்ந்து போகும் குடும்பம் |

செயலியைப் பற்றி ஒரு சொல். மூன்றாவது முறை போனபோது காலை 10 மணிக்கு எம்.ஜி. ரோட்டு ஹோட்டல் வாசலில் நின்று டாக்சி அழைத்தேன். மூன்று பேர் அடுத்தடுத்து ஏற்றுக்கொண்டு, போகும் இடத்தைக் கேட்டதும் ரத்து செய்தார்கள். நான்காவதாக வந்தவர்தான் காரணத்தைச் சொன்னார்: கப்பல் இல்லாத நேரத்தில் தீவிலிருந்து திரும்ப ஆள் கிடைக்காது, காலியாக வர வேண்டியிருக்கும். அவர்கள் பக்கத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கையில் கப்பல் டிக்கெட்டோடு நிற்பவருக்கு அந்த நாற்பது நிமிடமும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அதன்பின் முதல் நாள் இரவே ஹோட்டல் வரவேற்பில் சொல்லி, வண்டியின் எண்ணையும் டிரைவரின் கைபேசி எண்ணையும் வாங்கிக்கொண்டுதான் படுக்கப் போகிறேன்.

தனிக் கார் முன்பதிவு செய்பவர்கள் நான்கு விஷயங்களைப் பேசிவிட வேண்டும்: எத்தனை பேர், எத்தனை பெட்டி, காத்திருப்புக்கு எவ்வளவு நேரம் வரை கட்டணம் இல்லை, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும். முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்பவரிடம் நான் ஒப்பந்தம் செய்வதில்லை. சில கப்பல் நிறுவனங்கள் தாங்களே வண்டி ஏற்பாடு செய்து தருவதுண்டு. ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கிடுவதால் தனியாகப் போகிறவருக்கு அது மலிவாகவும், ஐந்து பேர் குடும்பத்துக்கு அதிகமாகவும் முடியும்.

வாட்டர் மெட்ரோ படகுகள் 2023 ஏப்ரலிலிருந்து கொச்சியில் ஓடுகின்றன. முதல் நாள் மாலை குழந்தைகளை உயர் நீதிமன்றத் துறையிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு அதில் அழைத்துப் போய் வாருங்கள், குறைந்த காசில் காயலைப் பார்த்துவிடலாம். பெரிய பெட்டிகளோடு கப்பலுக்குப் போக அதை நம்ப வேண்டாம்.

## சென்னையிலிருந்து கிளம்பும் கப்பல் என்றால்

இலங்கை செல்லும் கப்பல் 2023 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து தொடங்கிய பிறகு, சேலம், நாமக்கல் பக்கத்தவர்கள் அதைப் பற்றிக் கேட்கிறார்கள். அங்கே ஒப்பிட வேண்டிய அவசியமே இல்லை. இரவு ரயிலில் சென்னை சென்ட்ரல், அல்லது முதல் நாளே போய் எழும்பூர், பாரிமுனைப் பக்கம் அறை, காலையில் ஹோட்டல் கார், அவ்வளவுதான். அன்றே 340 கிலோமீட்டருக்கு மேல் காரில் வந்து, துறைமுகத்துக்குப் போகும் சரக்கு லாரிகளோடு வரிசையில் நிற்க வேண்டாம். வெளிநாட்டுப் பயணம் என்பதால் பாஸ்போர்ட் சோதனைக்கும் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும்.

## வரும் வழி

இங்கே நிச்சயத்தை விட்டுவிட்டுச் சிக்கனத்துக்கு வருகிறோம். கப்பல் காலையில் கரை சேர்ந்தாலும், பெட்டிகள் இறங்கி நாம் வெளியே வரும் நேரத்தை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே காலை 9 மணிக்கு வாசலில் நிற்கும்படி ஊரிலிருந்து வண்டி வரவழைத்தால் காத்திருப்புக் கட்டணம் ஏறும், டிரைவரும் முந்தைய இரவு தூங்காமல் வந்திருப்பார். கப்பல் இறங்கும் நாளில் முனைய வாசலில் ஆட்டோவும் டாக்சியும் வந்து நிற்பதால், போகும்போது இருந்த சிரமமும் இருக்காது. அங்கிருந்து ஜங்ஷனுக்குப் போய், மதியத்துக்குப் பின் கிளம்பும் ரயிலில் கோவை, திருப்பூர், ஈரோடு வந்துவிடலாம். கப்பல் கரை சேரும் நேரத்துக்கும் ரயிலுக்கும் இடையே ஐந்து மணி நேரமாவது இருக்கும்படி டிக்கெட் எடுங்கள்.

பெரியவர்களால் ரயில் ஏற முடியாது என்றால் எர்ணாகுளத்திலிருந்தே ஒரு வழி டிராப் டாக்சி சொல்லுங்கள். கோவைக்குக் காலியாகத் திரும்ப வேண்டிய தமிழ்நாட்டுப் பதிவு வண்டி அங்கே இருந்தால், அவர்களே விலையைக் குறைத்துப் பேசுவார்கள். முந்தைய நாள் கப்பலிலிருந்தபடியே பேசிவிடலாம் என்று நினைக்காதீர்கள், நடுக்கடலில் சிக்னல் கிடைக்காது. கப்பல் ஏறுவதற்கு முன்பே இரண்டு மூன்று டாக்சிக்காரர்களின் எண்களைக் குறித்து வைத்துக்கொண்டு, கரை தெரிந்து சிக்னல் வந்ததும் அழையுங்கள். மருந்து, சார்ஜர், ரயில் டிக்கெட், வீட்டுச் சாவி இவை கைப்பையிலேயே இருக்கட்டும். பெரிய பெட்டிகளைக் கடைசி இரவிலேயே அறை வாசலில் வைத்துவிடச் சொல்லும் கப்பல்கள் உண்டு, அவை மறுபடி கைக்கு வருவது கரையில்தான்.